அதே சொட்டு மருந்து

தெருவில் என்னை ‘அரை டாக்டர்’ என்பார்கள். கிண்டல்தான், ஆனாலும் எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். இருபது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காய்ச்சல், இருமல் என்று யார் வந்தாலும் சீட்டுக் கேட்கமாட்டேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பேன். அந்தத் திமிருக்கு என் கண் போயிருந்தால் பரவாயில்லை. என் தங்கச்சி கண் போனது.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். கல்யாணம் வேண்டாம், ஸ்டீயரிங் போதும் என்று என் வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டவள். புழுதியில் கண் அரித்துச் சிவந்து வந்தபோது, கடையிலிருந்து ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே கண் பளிச்சென்று ஆகிவிட்டது.

“கைராசிக்காரன்ணா நீ,” என்றாள்.

அதற்கப்புறம் ஒரு புட்டி தீர்ந்தால் அடுத்த புட்டி. நான்கு வருஷம். டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து போடக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாதா என்ன?

போன வருஷம், எதிர் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பனி மூடின மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொல்லாமல் மருந்தை நிறுத்தினேன். ஒரு மாதம் கழித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் அளந்தார். மருந்தை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்ததால் அது இறங்கிச் சரியாகவே இருந்தது. “ரெண்டு கண்ணுலயும் புரை. லென்ஸுக்குப் பின்பக்கமா விழுந்திருக்கு. முப்பத்தாறு வயசுல இப்படி வரக்கூடாதே,” என்றார். “சக்கரை இருக்கா? கண்ணுல அடி பட்டுச்சா? ஸ்டீராய்டு ஏதாவது போட்டீங்களா?”

“மருந்துப் பேரெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும்,” என்று தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

“சாதாரண சொட்டு மருந்துதான் டாக்டர். ஸ்டீராய்டெல்லாம் இல்ல,” என்றேன்.

வாய் கூசவில்லை. கடைக்காரனுக்குப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஒரு வார இடைவெளியில் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நடந்தது. புரையை எடுத்துவிட்டு உள்ளே புது லென்ஸ் வைத்தார்கள். கட்டைப் பிரித்ததும் அவள் என்னைப் பார்த்து, “என்னண்ணா இவ்ளோ கெழடாயிட்ட!” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கலாம்.

புண் ஆறுவதற்கென்று சொட்டு மருந்து எழுதித் தந்தார்கள். சீட்டைப் படித்தேன். நான் நான்கு வருஷம் கொடுத்த அதே மருந்து! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? டாக்டரே இதைத்தானே கொடுக்கிறார், அப்படியென்றால் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று நெஞ்சு லேசாகிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நானே ஊற்றினேன்.

பதினைந்தாம் நாள் வரச் சொல்லியிருந்தார்கள். “நல்லாத்தானே தெரியுது, அங்க போய்க் கூட்டத்துல எதுக்கு உக்காரணும்?” என்று தள்ளிப்போட்டேன். உண்மையில், டாக்டரம்மா அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுவிடுவாரோ என்றுதான் நடுங்கினேன். ஆறு வாரத்தில் நிறுத்த வேண்டிய மருந்தை, இன்னும் லேசாகச் சிவப்பு இருக்கிறதென்று நானே நீட்டித்தேன். புருவத்துக்கு மேலே வலிக்கிறது என்றாள், மாத்திரை கொடுத்தேன். பல்பைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது என்றாள். புது லென்ஸ் பழகும்வரை அப்படித்தான் என்று அடித்துவிட்டேன்.

நான்காவது மாதம், காலியான வேனை ஷெட்டுக்குள் விடும்போது பக்கத்துத் தூணில் இடித்தாள். “தூணே தெரியலண்ணா. நேரா பாத்தா தெரியுது, ஓரத்துல ஒண்ணுமே இல்ல,” என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அழுதாள்.

அன்றைக்குத்தான் ஓடினோம். டாக்டரம்மா அழுத்தத்தை இரண்டு முறை அளந்தார். சிலர் கண்ணுக்கு ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாது, அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிடும் என்றார். “ஏற்கெனவே போட்டிருந்தா சொல்லியிருக்கணும். வாராவாரம் அழுத்தம் பாத்திருப்பேன், மருந்தையே மாத்தியிருப்பேன். புரையை எடுத்துரலாம்ங்க. செத்த நரம்புக்கு ஆபரேஷன் கிடையாது. இருக்கிற பார்வையைக் காப்பாத்த ஆயுசுக்கும் வேற சொட்டு மருந்து போடணும். இனிமே வண்டி ஓட்டக்கூடாது.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். நான்கு வருஷம், டப்பாவில் அச்சடித்திருந்தது, டாக்டரிடம் சொன்ன பொய், ஒன்று விடவில்லை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ நான் உன் மூஞ்சியத்தாண்ணா பாத்தேன்,” என்றாள். “புரையில ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளையா இருந்துச்சு. தெரிஞ்சிருந்தா, நீ பொய் சொல்றன்னு அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன்.”

மருந்து போடும் நேரமாகியிருந்தது. புட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

“நீ வேணாம். நானே போட்டுக்கறேன்.”

அண்ணாந்து படுத்துப் பிழிந்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதும் கன்னத்தில்தான் விழுந்தது.