துணி பிடிக்கிற வேலை

முழங்கையில் எறும்பு கடித்தது. அக்காக்காரி அசையவில்லை. வயிறு மண்ணில் அழுந்த, குப்புறக் கிடந்து கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்தி ஓரத்தில் பத்துமணிப் பூக்கள் திறந்திருந்தன. சிவப்பு, மஞ்சள், நடுவில் ஒரே ஒரு வெள்ளை. அவளுக்கு அந்த வெள்ளைதான் வேண்டும்.

பக்கத்தில் தம்பிக்காரன் இரண்டு கையையும் விரித்து, பூவுக்கும் சூரியனுக்கும் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்து நின்றான்.

"எறும்பு கடிக்குதாக்கா?"

"ஆமாடா."

"நல்லாக் கடிக்கட்டும். சின்ன வயசுல என்னை எத்தனை கிள்ளு கிள்ளியிருப்ப."

"சிரிக்க வைக்காத. படம் ஆடுது."

இந்தப் பூவோடு மல்லுக்கட்டுவது எப்போதும் இப்படித்தான். வெயில் உச்சிக்கு ஏறினால்தான் திறக்கும், சாய்ந்தால் மூடிக்கொள்ளும். அதற்காக அந்த வெயிலிலேயே படம் எடுத்தால் இதழ் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போகும். ஒரு ரேகை தெரியாது. வெயிலில் திறக்கவிட்டு, திறந்ததும் துணியைக் குறுக்கே பிடித்து வெளிச்சத்தை வடிகட்ட வேண்டும். நாற்றுப்பண்ணையில் அவளுக்கு இதுதான் வேலை. கோடையில் பண்ணைச் செடி பூத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் போய், தோட்டம் தோட்டமாகப் படம் எடுத்து வர வேண்டும். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. துணியைக் கட்டுகிற இரும்புக் கால் போன வாரம் முறிந்துவிட்டது. செங்கல் சூளையில் மண் அரைக்கும் எந்திரம் பழுதாகி நாலு நாளாக வீட்டில் கிடந்த தம்பி, "புதுசு வர்ற வரைக்கும் நான்தான் உனக்குக் காலு" என்று கிளம்பி வந்துவிட்டான்.

சூளையில் அவனுக்குப் பெயர் ஒட்டகம். இருபத்திரண்டு வருடம் செங்கல் சுமந்தவன். மற்றவர்கள் மணிக்கொரு தரம் குடத்தடிக்கு ஓடுவார்கள். இவன் காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, அவ்வளவுதான். அவளும் பதினெட்டு வயது வரை அதே சூளையில் கல் அடுக்கியவள். அவர்கள் வளர்ந்த வீட்டில் வேலை என்றால் தலையில் அழுத்த வேண்டும், முதுகை ஒடிக்க வேண்டும். ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வேலை என்று அவளும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை.

"சூளையில தெரிஞ்சா மானம் போயிரும்க்கா. ஒட்டகம் இப்ப கொடிக்கம்பு வேலைக்குப் போறான்டான்னு சிரிப்பானுங்க."

"கொடிக்கம்பு இவ்வளவு பேசாதுடா."

வீட்டுக்கார அம்மா நிழலில் நின்றபடி குரல் கொடுத்தார். "தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா?"

"அப்புறம்மா. பூ மூடிரும்."

அவனிடம் கேட்கவில்லை. அவன் ஏதாவது சொல்ல வந்தானா என்று திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு தேனீ வந்து வெள்ளைப் பூவுக்குள் இறங்கியது. அது வெளியே வரும்வரை காத்திருந்தாள். அது போனதும் இதழின் மேல் வெளிச்சம் ஆடியது, தொட்டித் தண்ணீரில் விழுந்த வெயில் மாதிரி.

"துணி ஆடுதுடா."

"காத்துக்கா."

கேமராவுக்குள் பார்த்தாள். செடியின் ஊசி இலை அசையவில்லை. பக்கத்துப் புல் அசையவில்லை. காற்று இல்லை. அது தெரிந்தும் சொன்னாள்.

"ஒரு துணியப் பிடிக்கத் துப்பில்ல. எருமை. ஒழுங்கா நில்லு."

"சரிக்கா."

துணி நின்றது. மூன்று படம் எடுத்தாள். நாலாவதுக்கு அழுத்தும்போது துணி வந்து பூவின் மேல் விழுந்தது. அதற்கப்புறம்தான் அவன் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் உடம்பு அடுப்பில் காய்ந்த இரும்பு மாதிரி சுட்டது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டி வைத்தார்கள். வைத்தது வைத்த இடத்திலேயே தண்ணீராய் ஓடியது. யாரையோ கல் எடுத்து வைக்கச் சொல்லி என்னமோ உளறினான். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

"என்ன வேலை பார்த்துட்டிருந்தாரு?" என்று டாக்டர் கேட்டார். சின்ன வயதுக்காரர்.

"வேலை எதுவும் இல்லைங்க. சும்மா நின்னுட்டிருந்தான்."

"வெயில்லயா? எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். சூளையில கல் சுமக்கிறவன் டாக்டர். வெயில் அவனை ஒண்ணும் பண்ணாது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார்.

நாலு மணிக்கு வெளியே வந்து, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லிவிடுவார் போலிருந்தது. நின்றுகொண்டே இருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார்.

மறுநாள் காலை அவனை வீட்டு முன்அறையில் கிடத்தியிருந்தார்கள். சூளை ஆட்கள் லோடு வண்டியில் இரண்டு நடையாக வந்து இறங்கினார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்திருந்தாலும் நகக்கண்ணில் செம்மண் போகவில்லை. வாசலில் நாற்காலி போதாமல் சுவரோரம் குந்தினார்கள்.

"ஒட்டகத்துக்கு வெயிலா? நம்பவே முடியலையேப்பா."

"நின்னுக்கிட்டே இருந்தானாம்."

"அதான். கல்லோட நடந்தா மேல காத்துப் படும், வேர்த்துக் கொட்டும். ஓடிக்கிட்டே கிடந்தவனைக் கட்டிப்போட்ட மாதிரி நிக்க வச்சா என்னத்துக்கு ஆவான்?"

சொன்னவர் கிழவர், சூளையில் நெருப்புப் பார்ப்பவர். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பது அவருக்குத் தெரியாது. அவள் காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

தம்பி மனைவி தொட்டியடியில் நின்று தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"நீ போய் அவன்கிட்ட உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்."

"அங்க உக்கார முடியல அண்ணி. ஆளாளுக்கு எப்படிப் போச்சு, எப்படிப் போச்சுங்கறாங்க." குழாயை மூடாமலே திரும்பினாள். "அந்தக் கதவச் சாத்துங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் சாத்தினாள். தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் காலையிலிருந்து இவள் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தாள்.

"நேத்துக் காலையிலயே அவருக்கு உடம்பு சுட்டுச்சு. போகாதீங்கன்னேன். அக்காவுக்கு ஆளில்ல, சும்மா நிக்கிறதுதானே, இதுக்குப் போய் லீவு போட்டா சிரிப்பாங்கன்னாரு. அக்காகிட்டச் சொன்னீன்னா தெரியும் சேதின்னு விரலை வேற ஆட்டிட்டுப் போனாரு. அவர் போனதும் உங்களுக்குப் போன் போட எடுத்தேன் அண்ணி. எடுத்துட்டு வச்சிட்டேன். போட்டிருந்தா நீங்க திருப்பி அனுப்பியிருப்பீங்க. நான்தான் கொன்னுட்டேன்."

அழவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போனது.

உன் தப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சொல்லுகிற வார்த்தை, யாரும் நம்பாத வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். தோட்டத்தில் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. வீட்டுக்கார அம்மாவும் அதற்குள் உள்ளே போய்விட்டார். இந்தப் பெண் மிச்ச ஆயுசுக்கும் அந்தப் போனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

"கடைசியா என்ன பேசினாரு அண்ணி? என்னைப் பத்தி எதுவும் சொன்னாரா?"

"இல்லம்மா. 'சரிக்கா'ன்னான். அதான் கடைசி."

"எதுக்கு?"

வெளியே யாரோ இருமினார்கள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"துணி ஆடுச்சு. காத்துன்னு சொன்னான். காத்து இல்ல. நான் பாத்தேன், ஒரு இலைகூட அசையல. அவன் கைதான் நடுங்குச்சு. தெரிஞ்சுதான் திட்டினேன். ஒரு துணியப் பிடிக்கத் துப்பில்லையா எருமைன்னேன். ஒழுங்கா நில்லுன்னேன்." மூச்சு வாங்கியது. "அதுக்குத்தான் 'சரிக்கா'ன்னான். நின்னான். அதுக்கு முன்னாடி அந்த வீட்டம்மா தண்ணி வேணுமான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன். நீ போன் போட்டிருந்தாலும், காய்ச்சலான்னு கேட்டுட்டு, சும்மா நிக்கிறதுதானேன்னு நானும் சொல்லியிருப்பேன்."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். அடிப்பாள் என்று அக்காக்காரி நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"ஒரு மணி நேரம்."

"எப்படி?"

"கைய விரிச்சுக்கிட்டு."

தம்பி மனைவி ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள். இரண்டு கையையும் தூக்கி விரித்தாள். சின்ன அடுக்களை. ஒரு கை அலமாரியில் இடித்தது. எதிலும் இடிக்காதபடி ஓரடி ஜன்னல் பக்கம் நகர்ந்து, மறுபடி விரித்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"டீ இருக்கா உள்ள?" என்று கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. அந்த ஆள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

கழுவிய தம்ளர்களின் மேல் தண்ணீர் விழுந்து வழிந்தது. தம்பி மனைவியின் தோள் இறுகியது. கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது. விரல் நுனிகள்தான் முதலில் ஆடின. பிறகு மணிக்கட்டு.

கைகள் இறங்கவில்லை. அவற்றுக்கு நடுவே எதுவும் இல்லை. ஜன்னல் வெயில் நேரே உள்ளே வந்து தம்பி மனைவியின் முகத்தில் விழுந்தது.