இரண்டு தீர்மானங்களையும் நிறைவேற்றிய குளம்

1993ஆம் ஆண்டு சித்திரையில் பாலைமடுக்குளத்தின் துருசைத் திறந்தார்கள். ஆனி முடிவதற்குள் தண்ணீர் முழுவதும் வயலுக்குப் போய்விட்டது. குளத்தின் மட்டம் மட்டும் போகவில்லை. நிறைகுளத்தில் நீர்ப்பரப்பு எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்திலேயே, அணைக்கட்டிலிருந்து எதிர்க்கரையான அலைகரை வரைக்கும், ஒரு முழத் தடிப்பில் அது நின்றது. அதற்குக் கீழே காற்று. காற்றுக்குக் கீழே வெடித்த சேறு, சேற்றில் முளைத்த புல், புல்லை மேயும் மாடுகள். அந்தக் கோடைச் சிறுபோகம் நன்றாக விளைந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

குளத்தின் வேலை எளியது. மார்கழி மழையில் காட்டாறு கொண்டுவரும் தண்ணீரை அணைக்கட்டு மறித்து வைத்திருக்கும். கொள்ளாத தண்ணீர் வான் எனப்படும் கலிங்கு வழியாகப் பாய்ந்து காட்டுக்குள் போகும். அணைக்கட்டின் அடியில் இருக்கும் கதவுதான் துருசு; அதைத் திருகி உயர்த்தினால் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கும். தண்ணீர் போகப் போக அதன் மேற்பரப்பும் கூடவே இறங்கும். எல்லாக் குளங்களுக்கும் இது பொது. பாலைமடுவில் இந்தக் கடைசிப் பகுதி நடக்காமல் போனதற்குக் காரணம் றோசம்மா.

றோசம்மாவும் அவள் கணவர் லோறன்சும் 1990இல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். மற்றக் குடும்பங்கள் பானை சட்டியையும் அந்தோனியார் சுருவத்தையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது லோறன்ஸ் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். அலைகரையில் குடிலைப் போட்டுக்கொண்டு, குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் வள்ளம் விட்டார், மீன் பிடித்தார், மனிதராக இருந்தார். குளம் வற்றி வள்ளம் சேற்றில் சரிந்ததும் அவருக்குச் சோறு இறங்காது. சில நாட்கள் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பிறகு ஒரு விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இராணுவ முகாம் இருந்ததால் போகக்கூடாத கரை அது. போனவர்களை நோக்கிச் சூடு விழும். முதல் வருடம் சட்டைப்பை நிறைய ஈரமணலோடு திரும்பி வந்தார். அடுத்த வருடம் அவரோடு போன தமையன் வின்சன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு றோசம்மாவுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: துருசைத் திறந்தால் குளம் வற்றும்; குளம் வற்றினால் இவர் கடலுக்குப் போவார்; இந்த முறை போனால் வரமாட்டார்.

பாலைமடு விவசாயிகள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். கிணற்றை அறிந்தவர்கள். குளம் அவர்களுக்கு நெல் போட்டுவைக்கும் அறைபோல. நெல்லறைக்குள் யாரும் விளையாடுவதில்லை. அந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி வாய்க்காலில் வயல் செய்யும் கமலாசனி, வள்ளத்தில் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நடுக்குளம் வரைக்கும் கத்திக்கொண்டு போனவள், வரும்போது துடுப்பைத் தன்னிடம் தரச் சொன்னாள். அடுத்த ஞாயிறு ஊரே வரிசையில் நின்றது. உழவு இயந்திர ரியூப்பில் காற்றடித்துக்கொண்டு பெண்கள் மிதந்தார்கள். இருபது வருடம் அணைக்கட்டில் சைக்கிள் ஓடியவர்கள் அன்றுதான் அணைக்கட்டைத் தண்ணீரிலிருந்து பார்த்தார்கள். லோறன்ஸ் எல்லோருக்கும் நீந்தக் காட்டிக்கொடுத்தார். "கிணத்துத் தவளையளே, காலை அடியுங்கோ!" என்று அவர் கத்தும்போது றோசம்மா கரையில் நின்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே துருசுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

பங்குனியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் வந்தது. எந்த நாளில் துருசு திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதையெல்லாம் அங்கேதான் முடிவுசெய்வார்கள். பாலைமடுக் கூட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஆரம்பம் முதல் அங்கே எந்தத் தீர்மானமும் எதிர்ப்போடு நிறைவேறியதில்லை. நிறைவேறிய எதுவும் நடக்காமல் போனதுமில்லை. தலைவர் ஐயாத்துரை யாருடைய முகத்தையும் முறிக்கத் தெரியாதவர். கடைசிக் கை உயரும்வரை மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து காத்திருப்பார். துருசைச் சித்திரையில் திறப்பது என்ற முதல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காணி இல்லாதவர்களுக்குக் கூட்டத்தில் பேச்சில்லை. அதனால் வாசலில் நின்ற றோசம்மாவுக்காகக் கமலாசனி எழுந்தாள்.

"குளத்து மட்டம் இறங்கக்கூடாது எண்டு ஒரு தீர்மானம் போடவேணும்."

மண்டபம் சிரித்தது. "அப்ப துருசைத் திறக்கிறேல்லையோ?" என்றார் முன்வரிசையில் இருந்த விவசாயி அப்புத்துரை.

"திறக்கத்தான் வேணும். எனக்கும் வயல் கிடக்கு. ஆனா மட்டம் இறங்கக்கூடாது."

"சேத்துக்குள்ள வள்ளம் ஓட்டப் போறியளோ?" என்றார் அப்புத்துரை மறுபடியும்.

வாசலிலிருந்து றோசம்மாவின் குரல் வந்தது. "அண்ணை, எனக்கு வள்ளத்தைப் பற்றிக் கவலை இல்லை. குளம் வத்தினா என்ர மனிசன் அந்தக் கரைக்குப் போயிடும். போன வருசம் மச்சானைக் குடுத்திட்டன். இனிக் குடுக்க ஆளில்லை."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த நீர்ப்பாசன எந்திரி, நல்ல மனிதர், தண்ணீர் போனால் மட்டமும் போகும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஐயாத்துரை எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். "நீங்கள் சொல்லுறது சரி ஐயா. ஆனா அது குளத்தின்ர பாடு. நாங்கள் எங்கட பாட்டைச் செய்வம்" என்று சொல்லிக் கையை உயர்த்தினார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அப்புத்துரை முகட்டைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், கமலாசனியைப் பார்த்தார். கடைசியில் அவருடைய கையும் உயர்ந்தது. இரண்டு தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின. ஒன்று மற்றொன்றுக்கு மாறானது என்பதற்காக எதையாவது கைவிடுகிற பழக்கம் பாலைமடுவில் இல்லை. குளத்துக்கும் அந்தப் பழக்கம் இல்லை என்பது பிறகு தெரியவந்தது.

சித்திரை, வைகாசி, ஆனி. தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. சேறு தெரிந்த அன்று காலை லோறன்ஸ் சைக்கிளுக்குக் காற்றடித்தார். போகுமுன் வள்ளத்தைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்கப் போனார். வள்ளம் மிதந்துகொண்டிருந்தது. ஏறினார், துடுப்பு வலித்தார், போனது. நடுக்குளத்தில் விளிம்பால் எட்டிப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தம் குடில் வரைக்கும் கேட்டது.

"றோசம்மா, கீழ மாடு நிக்குது!"

"நிண்டா நிக்கட்டும். நீங்கள் பாத்து வலியுங்கோ" என்றாள் றோசம்மா. பிறகு போய்ச் சைக்கிள் காற்றைத் திறந்துவிட்டாள்.

அந்த மட்டத்தின் தன்மையை ஊர் சில கிழமைகளிலேயே படித்துக்கொண்டது. அதில் நீந்தலாம், மிதக்கலாம், வள்ளம் விடலாம். துடுப்பை ஆழமாகப் போட்டால் காற்றைத்தான் வலிக்கவேண்டிவரும். வாளியால் அள்ளினால் வாளி வெறுமையாக வரும், அள்ளியவரின் கை மட்டும் நனைந்திருக்கும். ஆகவே வயலுக்கு இறைக்க முடியாது, அதனால் சண்டையும் இல்லை. தலைகீழாகப் பாய்ந்தால் மறுபக்கத்தால் வெளியே விழவேண்டியதுதான். அப்புத்துரை அப்படித்தான் விழுந்து, ஒரு பசுவின் உரிமையாளரிடம் ஏச்சும் வாங்கினார். பாய விரும்புகிறவர்களுக்காகக் கீழே வைக்கோற் போர் வைத்தார்கள். மார்கழி மழையில் கீழிருந்து ஏறிவந்த தண்ணீர், மட்டத்தைத் தொட்டதும், பானையை மூடியதுபோல ஒரு சத்தத்தோடு அதனுடன் சேர்ந்துகொண்டது. அடுத்த சித்திரையில் பிரிந்தது. இப்படியாக, பொருளாதாரத் தடையும் இருட்டும் இருந்த அந்தக் காலத்தில், வருடம் முழுவதும் நீந்தக்கூடிய குளம் பாலைமடுவில் இருந்தது. வட்டக்கச்சியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் வந்தார்கள். ரியூசன் வாத்திமார் வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். எந்திரி குடும்பத்தோடு வந்து, அடியில் நடந்து, மேலே நீந்துகிற தன் மனைவியை அண்ணாந்து பார்த்து, கையசைத்துவிட்டுப் போனார். பக்கத்துக் குளத்தாரும் இதே தீர்மானத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே ஒருவர் கை தூக்கவில்லையாம். மட்டம் நின்றது, ஆனால் சரிந்து நின்றது. விட்ட வள்ளமெல்லாம் அந்த ஆளின் வீட்டுப் படலையடியிலேயே போய் ஒதுங்கியது. பாலைமடுவின் மட்டம் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல நேராக நின்றது. அதைச் சொல்லும்போது ஐயாத்துரை வேட்டியை ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

லோறன்ஸ் மூன்று வருடம் கடல் பக்கம் போகவில்லை. 1996 ஆடியில் அந்த முகாம் இல்லாமற்போன பிறகு முல்லைத்தீவுக் கரைக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. கரைக் குடும்பங்கள் சாமான் கட்டத் தொடங்கின. லோறன்ஸ் இரவுச் சோற்றைப் பாதியில் விட்டார். றோசம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் சைக்கிளுக்குத் தானே காற்றடித்து வாசலில் நிறுத்தினாள்.

"போயிற்று வாங்கோ. உங்களைக் குளத்தால கட்டி வைச்சன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

அவர் போனார். அவள் அன்று முழுவதும் அணைக்கட்டில் றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கமலாசனி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், ஆறியது. பொழுது சாயும் நேரம் சைக்கிள் மணி கேட்டது. லோறன்ஸ் தலைமுடியில் உப்போடு வந்து இறங்கினார்.

"கடல் எப்பிடி?" என்றாள் றோசம்மா, திரும்பாமல்.

"கடல் நல்ல பெரிசுதான். ஆனா அது ஒருத்தற்ற சொல்லும் கேக்காது" என்றார் லோறன்ஸ். "எங்கட குளத்தைப் பற்றிக் கரையில சொன்னன். சிரிக்கிறாங்கள். ஞாயிற்றுக்கிழமை மூண்டு வள்ளத்தோட வரச் சொல்லியிருக்கிறன். ஆக்களுக்குச் சமைக்கவேணும்."

றோசம்மா அப்போதுதான் திரும்பினாள். ஆறிய தேத்தண்ணியை அவரிடம் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

ஞாயிறு மூன்று வள்ளங்களும் உழவு இயந்திரங்களில் வந்தன. ஆவணி வெயிலில் பாலைமடுவே அணைக்கட்டில் நின்றது. கரையிலிருந்து வந்தவர்களில் மூத்தவரான அனிஸ்ரனை லோறன்ஸ் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். கடலில் பிறந்து கடலில் நரைத்த மனிதர் அவர். நடுக்குளத்தில் விளிம்பால் எட்டிப் பார்த்தார். கீழே வெகுதூரத்தில் யாரோ வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளிம்பைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, இதென்ன?"

"குளம்" என்றார் லோறன்ஸ். "வள்ளத்தில எழும்பி நிக்காதேங்கோ அண்ணை."