நின்ற இடத்தில் இரைந்த கார்

ராசிபுரத்துப் பட்டு வியாபாரி சுவாமிநாதனின் கார் நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் இரைச்சல் தணிவதில்லை. யுத்தகாலம் வேறு, பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும்.

“நாளைக்கு மெக்கானிக் வாரான். கோளாறு வண்டியிலன்னா சரி. உன் கையிலன்னா வேற டிரைவரைப் பாத்துக்கறேன்!” என்று டிரைவர் கருப்பண்ணனின் முகத்துக்கு நேரே முதலாளி கத்திவிட்டார்.

கருப்பண்ணன் அந்தக் காரை ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருஷம். மனைவி உண்ணாமலை செத்துப்போனபின் கார்க் கொட்டகைதான் அவனுக்கு வீடு. சில மாதங்களாக யாரும் அவனிடம் பேசுவதுகூட இல்லை. முதலாளி வீட்டுக் குழந்தைகள் அவனைத் தாண்டி ஓடின. என்ன தப்புச் செய்தோம் என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் சேலத்திலிருந்து மெக்கானிக் குழந்தைவேல் வந்தான். பட்டறைச் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவனுக்கு.

“ஏனுங்ணா, நிக்கறப்பவே ஆத்தூர் போயிருமாட்ட இருக்குதே!”

கருப்பண்ணன் சிரித்தான். சிரித்து எத்தனை நாளாயிற்று!

குழந்தைவேல் ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்து விட்டான், எங்கும் சிக்கவில்லை. ஸ்பிரிங்கும் சரி. எங்காவது காற்று புகுகிறதோ என்று கார்புரேட்டரின் மூட்டுகளில் எண்ணெய் சொட்டினான், சத்தம் மாறவில்லை. கடைசியில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியில் அவன் விரல் நின்றது. அதன் தலை பளபளவென்று தேய்ந்திருந்தது.

“இதைத் திருகுனது ஆருங்ணா?”

“நாந்தானுங்க. நாளுக்கு நாள் எஞ்சின் செத்துட்டே வருதுங்க. நின்னுபோயிருமேன்னு கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனேன்.”

குழந்தைவேல் திருகாணியைத் தளர்த்தினான். இரைச்சல் இறங்கியது. இறங்கி, அடங்கியே போயிற்று.

“பாத்தீங்களா! நின்னுபோச்சு!” என்று கருப்பண்ணன் பதறினான்.

குழந்தைவேல் அவனையே ஒரு கணம் பார்த்தான். பிறகு அவன் கையைப் பிடித்து பானெட்டின் மேல் வைத்தான். தகடு நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கருப்பண்ணன் கையை எடுக்கவில்லை. அப்படியானால் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குழந்தைகள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன.

குழந்தைவேல் அவன் காதோரம் குனிந்தான். “திருகாணி தேஞ்சுபோச்சுன்னு மொதலாளிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க.”

முதலாளி வந்தார். குழந்தைவேல் என்னவோ சொன்னான். அவர் முகம் மலர்ந்தது. கருப்பண்ணன் தோளைத் தட்டி, திருச்செங்கோடு இருக்கும் திசையைக் காட்டினார். குழந்தைகள் அதற்குள் பின் சீட்டில் ஏறிக் குதித்தன. தலையாட்டினால் போதும், வேலை நிலைக்கும்.

பின்னால் லாரி ஹாரன் அடித்தால்? ஒரு குழந்தை ‘நிறுத்து’ என்று கத்தினால்?

கருப்பண்ணன் எஞ்சினை அணைத்தான். சாவியை உருவி முதலாளி கையில் வைத்தான்.

“வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் காது போச்சுங்க.”

முதலாளியின் உதடுகள் அசைந்தன. வெகு நேரம் அசைந்தன. கேட்டவன்போல் தலையாட்டிவிட்டு, கருப்பண்ணன் மறுபடி பானெட்டில் கை வைத்தான். சூடு மட்டும் மிச்சமிருந்தது.