தொண்டையார் நாற்காலி

இந்த ஊரில் பயமில்லாத தொண்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் சமூக வானொலியில் காலை பத்து மணிக்கு நேரலைப் பேட்டி. ஓவியர், விஞ்ஞானி, சங்கத் தலைவர் என்று தினம் ஒருவர் வந்து பேசுவார். பேட்டி எடுப்பவருக்கு நான் வைத்த பெயர் தொண்டையார். விருந்தினர் வில்லங்கமாக எதையாவது சொல்ல வாய் திறந்தால் அவருக்கு இருமல் வரும். சரியாக அந்த வார்த்தையின் மேல் வந்து உட்காரும். தான் செய்த சிலை எந்த அதிகாரியின் வீட்டு வாசலில் நிற்கிறது என்று சிற்பி சொன்னபோது இருமல். சந்தை எப்படித் தீப்பிடித்தது என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் சொன்னபோது இரட்டை இருமல். உடனே "மன்னிக்கணும், தூசி" என்று பாட்டுக்குப் போய்விடுவார். ஆறு வருடமாகப் பெருக்கியும் அந்த அறையில் தூசி தீரவில்லை.

அங்கே தற்காலிக உதவியாளனான நான் அதை நடித்துக் காட்டினால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரும் ஒலிப்பதிவு அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். ஒருநாள் தொண்டையாரிடமே கேட்டேன்.

"அண்ணே, இருமல் மருந்து ஏதாவது வாங்கியாரட்டா?"

"அந்த நாற்காலியில உக்காந்து பாரு தம்பி."

"உக்காந்தா இரும மாட்டேன்ணே."

"சரி," என்றார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு நிஜமாகவே காய்ச்சல். நாற்காலியில் நான்.

விருந்தினர், குடிநீர் ஆய்வகத்து அம்மா. மைக்கைத் திறப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னார்.

"நாலு தெருக் குழாய்த் தண்ணியில ஈயம் இருக்கு தம்பி. மூணு மாசமா எழுதிப் போடறேன், ஃபைல் நகரல. தெருப் பேரைச் சொன்னா சாயங்காலம் எனக்கு வேலை இருக்காது. பரவால்ல. பிள்ளைங்க குடிக்குது."

"தாராளமா சொல்லுங்கம்மா. நான் அவரு மாதிரி இல்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. ஈயம் எலும்பில் போய்த் தங்குவதை, நன்றாகப் படித்த பிள்ளை மெல்ல மந்தமாவதை விளக்கினார். பதினேழாவது நிமிடம், "அந்த நாலு தெரு எதுன்னு சொல்லிடறேன்," என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அக்காவின் பக்கத்தில், நிலைய இயக்குநர் வந்து நின்றார். முறைக்கவில்லை, கையசைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

"முதல்ல, தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கற..."

எனக்கு இருமல் வந்தது.

அந்த அம்மா பதறிப்போய்த் தன் பையிலிருந்த பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. இது நல்ல தண்ணிதான்."

குடித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடி இருமினேன். தெரு நான்கு என்பதால் இந்த முறை கொஞ்சம் நீளமாக.

அவர் என்னைப் பார்த்தார். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பாட்டைப் போட்டு மைக்குகளை மூடினேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் நான்கு பெயரையும் நிதானமாக என்னிடம் சொன்னார். மூன்றாவது, ஒலிப்பதிவு அக்கா இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கும் தெரு.

காதில் மாட்டியிருந்த கருவியில் அக்காவின் குரல் வந்தது.

"டேய், எந்தெந்தத் தெருவுன்னு சொன்னாங்க? காதுல ஒண்ணுமே விழல."

அக்காவோடு பேசும் பொத்தானை அழுத்தினேன். இயக்குநர் இன்னும் அங்கேயேதான் நின்றார்.

"தூசிக்கா," என்றேன்.