சோடா விட்ட மூச்சு

தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் மண்டூர் வயல் வட்டையில் என்னை நாகம் கடித்தது. கடித்த பின் அது வரப்பில் கிடந்து கொஞ்ச நேரம் யோசித்தது. என் இரத்தம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

என் மைத்துனன் சாமித்தம்பி, விஷம் ஏப்பத்தோடு வெளியேறும் என்று நம்புகிறவன். ஆஸ்பத்திரிக்குப் படகேறத் துறைக்குப் போகும் வழியில் இரண்டு போத்தல் சோடாவை எனக்குள் ஊற்றினான். ஏப்பம் வருவதற்குள் என் இமைகள் விழுந்தன. பிறகு கை, கால், கடைசியில் மூச்சு. காதும் உணர்வும் மட்டும் வேலை செய்தன.

துறையில் நிவாரணக்காரரின் அம்புலன்ஸ் ஒன்று வாவியைக் கடக்க, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நின்றது. ஐந்து மணிக்கு மேல், காவலுக்கு நிற்கும் ஆமி பாதையை ஓடவிடாது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

அம்புலன்ஸில் வந்த டொக்டர் சித்தி நபீஸா என் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கி, காற்றுப் பையை அமுக்கினார். குழாய்க்கும் பைக்கும் நடுவே ஒரு சின்னச் சிமிழ் என்று பின்னால் சொன்னார்கள். அதற்குள் ஊதாத் தாள். நெஞ்சிலிருந்து திரும்பும் மூச்சுப் பட்டால் அது மஞ்சளாகுமாம்.

"மஞ்சள்! மச்சான் மூச்சு விடுறான்!" சாமித்தம்பி கத்தினான்.

நான் விடவில்லை. குழாய் இரைப்பைக்குள் இருந்தது, வயிறுதான் உப்பியது. அது எனக்கு மட்டும் தெரியும். சொல்ல வாய் அசையவில்லை.

"மஞ்சள் வந்திட்டுத்தானே, ஏத்துங்க! நான் பாதைய விடப்போறன்," என்றான் பாதைக்காரன் கோணாமலை.

"பொறுங்க. ஆறு மூச்சு எண்ணணும். வயித்துக்குள்ள இருக்கிற காத்தும் முதல்ல மஞ்சள்தான் காட்டும்."

"ஆறு எண்ணுறத்துக்குள்ள ஆமிக்காரன் அஞ்சு எண்ணிருவான், டொக்டர்!"

அவர் எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன்.

"நாலு... வெளிறுது. அஞ்சு... ஆறு. ஊதா. சோடா கீடா குடுத்தீங்களா?"

"ரெண்டே ரெண்டு போத்தல்," என்றான் சாமித்தம்பி.

குழாயை உருவி மறுபடி இறக்கினார். இந்தத் தடவை நெஞ்சு நிமிர்ந்தது. ஆறாவதும் மஞ்சள், ஏழாவதும் மஞ்சள். ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கப் பாதை புறப்பட்டது. நடு வாவியில் மீன்களும் தலை தூக்கித் தாளைப் பார்த்ததாகச் சாமித்தம்பி சொல்வான். கண் மூடிக் கிடந்தவன் நான். பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் குழாயைக் கழற்றினார்கள். சாமித்தம்பி ஒரு பையோடு பார்க்க வந்தான். பைக்குள் போத்தல்கள் உரசின. இமை இப்போது என் பேச்சைக் கேட்டது, மூடிக்கொண்டேன்.