மார்கழியில் ஒரு போணி

டவுன் போர்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி விஸ்வலிங்கம் இருளாயிக்கு நோட்டீஸை மூன்றாம் முறை படித்துக் காட்டியபோதும் தேதி நகர்ந்து கொடுக்கவில்லை. மலாயாவின் ஜெலாப்பாங் சாலையில் டவுன் போர்டு கட்டியிருக்கும் புதுக் கடைவரிசையில், டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் வியாபாரம் தொடங்குகிறவர்களுக்கு மூன்று வருஷத்துக்குக் கடை வரி கிடையாது, லைசென்ஸ் கட்டணமும் கிடையாது. ஒரு நாள் தவறினாலும் சலுகை போச்சு. ஆள் நடமாட்டமில்லாத அந்தப் பக்கத்துக்குக் கடைகளை இழுக்கத் துரைமார் செய்த ஏற்பாடு. அவர்களுடைய காலண்டரில் மார்கழி என்று ஒன்று இல்லை, பாவம்.

"தையெண்டு சொன்னால் துரைக்கு விளங்காது, பிள்ளை," என்றார் விஸ்வலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், திருவெம்பாவை நோன்பு பிடிக்கிறவர். "நாளைக்குத்தான் கடைசி நாள். காலமை இன்ஸ்பெக்டரோட நானும் வருவன். அடுப்பு எரியவேணும். வெளியாள் ஒருத்தராவது காசு குடுத்துச் சாப்பிடவேணும். அப்பத்தான் எழுதுவார்."

இருளாயியும் அந்த வரிசையில் ஒரு கடை பிடித்திருந்தாள். கார்த்திகையிலேயே இட்லிக் கடைக்குப் பால் காய்ச்சியிருப்பாள். கூரை இல்லாத கடையில் எதைக் காய்ச்சுவது? ஓடு ஏற்றிய வண்டிகள் வந்து சேர்வதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாதென்று, வரிசையில் இடம் பிடித்த தமிழர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தகரக்கடைச் சீனர் மட்டும் பட்டாசு கொளுத்திக் கடை திறந்து, நாள் முழுக்க டங்டங்கென்று தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கென்ன.

வரி கட்டி அந்தக் கடையை இருளாயியால் ஆறு மாசம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அப்புறம் அதே தோட்டம், அதே லயத்து அறை, விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கு, கங்காணியின் வாய். பதினொரு வருஷம் ரப்பர் மரம் சீவியாயிற்று. இனி செத்தாலும் அங்கே போவதில்லை என்று முடிவெடுத்தவள் அவள்.

அன்று சாயங்காலம் புருஷன் உடையப்பன் வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே சொன்னான். "மார்கழியில அடுப்பு மூட்டினா வெளங்காது. ரெண்டு வாரம் பொறு. போர்டு எங்க ஓடிரப் போவுது?"

"போர்டு ஓடாது. சலுகை ஓடிரும்." அவள் உளுந்து ஆட்டுவதை நிறுத்தவில்லை. "நாம நாகப்பட்டணத்துல கப்பலேறினது எந்த மாசம்?"

அவன் மாட்டுக்குப் புல்லை உதறிப் போட்டான்.

"மார்கழி. கப்பக்காரன் தை வரைக்கும் நிக்கலை. நீங்களும் எறங்கிப் போகலை."

"அதனாலதான் இப்படிக் கெடக்குறோமோ என்னமோ."

அது சுருக்கென்று தைத்தது. குழவியை நிறுத்தி மாவை வழித்தாள். "கெடந்தது போதும்னுதான் மூட்டுறேன்," என்றாள்.

காலையில் புது அடுப்புக்கு முன்னால் சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். "ஆத்தா, கோவிச்சுக்கிறதா இருந்தா என்னையக் கோவிச்சுக்க. கடைய விட்டுரு." முதல் ஈடு இட்லி வெந்து வாசம் தெருவுக்குப் போயிற்று. நாலைந்து பேர் வந்து நின்றார்கள். பக்கத்துக் கடை எடுத்திருக்கும் மாயாண்டியும் நின்றான். மூக்கு உள்ளே வந்ததே தவிர ஒருத்தன் காலும் படியேறவில்லை. மார்கழிக் கடைக்குப் போணி பண்ணின பாவம் யாருக்கு வேண்டும்?

"மாயாண்டியண்ணே, ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க."

"தை பொறக்கட்டும்லா, தங்கச்சி. நானே வாரேன்."

சீனரையாவது கூப்பிடலாமென்றால், மனுஷன் அன்றைக்கென்று தகரம் வாங்க ஈப்போவுக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் துரை வந்து நின்றார். அடுப்பைப் பார்த்தார், காலி பெஞ்சைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோன்புக்காரர் விஸ்வலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருளாயிக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு அடுத்த ஈட்டுக்கு மாவை ஊற்றினாள்.

அப்போது மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. உடையப்பன் இறங்கினான். யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நாலு இட்லி. ஒரு கோப்பி," என்று சொல்லி, மடியிலிருந்து காசை எடுத்துப் பலகையில் வைத்தான்.

துரை உடையப்பனைக் காட்டி ஏதோ கேட்டார். விஸ்வலிங்கம் உடையப்பனைப் பார்த்தார், இருளாயியைப் பார்த்தார், இங்கிலீஷில் பதில் சொன்னார். பிறகு தமிழிலும் ஒரு தடவை சொன்னார். "வண்டிக்காரன், துரை. இந்த ரோட்டாலதான் போய்வாறவன்."

துரை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலோடு காத்திருந்தார். இருளாயி காசை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். இலையில் நாலு இட்லியை வைத்தாள். உடையப்பன் இலையை முன்னால் இழுத்துக்கொண்டான். ஒரு துண்டைப் பிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயில் போட்டான்.