பார்க்கிற கத்தரிக்காய்

தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், தில்லைநாதனின் வீட்டு முற்றம் மட்டும் நாட்டில் யுத்தம் நடப்பதையே கேள்விப்படாததுபோல் பூத்துக் கிடந்தது. காப்புறுதிக் கம்பனி மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற அவர், லண்டன் தங்கை அனுப்பிய சஞ்சிகை ஒன்றைப் படித்து ஞானம் பெற்றிருந்தார். பூவோடு காயையும் கலந்து நடுவதுதான் இப்போது நாகரிகமாம். சீனியாப் பூக்களுக்கு நடுவே வரி போட்ட கத்தரி, செவ்வந்திக்குப் பின்னால் இரத்தச் சிவப்பில் வெண்டி, வேலியில் ஊதாப் பயற்றங்காய்.

எதையும் பிடுங்கக் கூடாது என்பது சட்டம். மனைவி நேசமலர் ஒருநாள் கத்தரிக்காயில் கை வைத்துவிட்டு நன்றாகப் பேச்சு வாங்கினாள்.

"இது சமைக்கிற கத்தரிக்காய் இல்லை, நேசம். பாக்கிற கத்தரிக்காய்."

"அப்ப பாத்தே பசியாறுங்கோ," என்றுவிட்டு, வாடல் கத்தரிக்காயை நெருப்பு விலைக்கு வாங்க அவள் சந்தைக்குப் போனாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடா போகக் காத்திருந்த தம்பி இராஜநாயகத்துக்கும் அவள்தானே சமைக்க வேண்டும்.

ஒரு விடியற்காலை ஆமி செக்கிங்குக்கு வந்தது. இராஜநாயகம், கொழும்பில் தங்குவதற்கு வாங்கிய பொலிஸ் பதிவுத் துண்டைப் பிடித்தபடி ஹோலில் நின்றான். வந்த அதிகாரி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. முற்றத்தைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

தில்லைநாதனின் முகம் மலர்ந்தது. தோட்டத்தைப் பற்றி அவரிடம் விசாரித்த முதல் மனிதர்! தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டினார்.

"எளவலு, சேர். கன்ன நெவெய், பலன்ன."

மரக்கறிதான், தின்ன அல்ல, பார்க்க.

"அத்தான், சமைக்கத்தானெண்டு சொல்லுங்கோ," என்று இராஜநாயகம் குசுகுசுத்தான்.

"பொய் சொல்லேலாது."

அதிகாரி யோசித்தார். தமிழன். மரக்கறி நட்டிருக்கிறான். தின்பதில்லை என்கிறான். அப்படியென்றால் கீழே வேறு ஏதோ இருக்கிறது. ஆமிக்காரரின் நியாயம் ஒன்று நேசமலருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக விளங்கியது.

மண்வெட்டி வந்தது. ஒரு மூலை விடாமல் தோண்டினார்கள். மண்புழுக்கள் வந்தன. எப்போதோ தொலைந்த கரண்டி ஒன்றும் வந்தது. சப்பாத்து மண்ணை வாசற்படியில் தட்டிவிட்டுப் போனார்கள். இராஜநாயகத்தின் துண்டை யாரும் வாங்கிப் பார்க்கவேயில்லை.

தில்லைநாதன் சரிந்த சீனியாக்களுக்கு முன்னால் குந்தியிருந்தார். நேசமலருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தம்பியைக் கொண்டுபோகாமல் விட்டார்களே! அந்த ஆறுதலோடு சுளகை எடுத்துவந்து, காய்களையெல்லாம் பொறுக்கினாள்.

சட்டியில் வெண்டியின் சிவப்பும் பயற்றங்காயின் ஊதாவும் போய், எல்லாம் சந்தைப் பச்சையாகிவிட்டன. இராஜநாயகம் திரும்பத் திரும்பச் சோறு போட்டுச் சாப்பிட்டான். தில்லைநாதன் சோற்றுக் கோப்பையை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வாய் வைத்தார்.

"உப்புக் காணாது," என்றார். கறி முடியும்வரை எழும்பவில்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டு டோரின் மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன அங்கிள், காலமை ஒரே சத்தம்?" என்று கேட்டாள்.

"ஆமியிலயிருந்து பெரியாள் ஒருத்தர் வந்தவர்," என்றார் தில்லைநாதன், நெஞ்சை நிமிர்த்தி. "கார்டனை வடிவாப் பாத்திட்டுத்தான் போனவர்."